ஒரே நாள் நடவு விழா

வாய்க்கால் தண்ணீர் கடைமடைவரைக்கும் குறையில்லாமல் வந்த ஒரு வைகாசியில், கள்ளிமேட்டுப்பாளையத்துத் தக்காளி நாற்றுகள் தாங்களாகவே தட்டைவிட்டு இறங்கி வயலுக்கு நடந்துபோக ஆரம்பித்தன.

முதலில் போனதைப் பார்த்தவள் தெய்வாத்தாள். ஊருக்கு மேற்கே நாற்றுப் பண்ணை வைத்திருந்தாள். அந்த ஊரில் யார் தக்காளி போடுவதாக இருந்தாலும் விதைப் பாக்கெட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவள் குழித்தட்டுகளில் தென்னைநார்த் தூளை நிரப்பி, குழிக்கு ஒரு விதையாக ஊன்றி, பச்சை நிழல்வலைக்குக் கீழே வரிசையாக வைத்து, இன்னார் வீட்டுத் தட்டு என்று ஓரத்தில் எழுதி, காலையும் மாலையும் பூவாளியில் தண்ணீர் தெளித்து, நாலு இலை விட்டதும் ஆளனுப்பிச் சொல்லுவாள். ஒரே பாக்கெட் விதை, ஒரே நாள் ஊன்றியது, ஒரே தொட்டித் தண்ணீர் என்றாலும், ஒரு குழியில் இருப்பது கழுத்தை நீட்டி வெளியே எட்டிப் பார்க்கும், பக்கத்துக் குழியில் இருப்பது ரெண்டு இலையை விரித்துக்கொண்டு எனக்கென்ன என்று கிடக்கும். பெரியதைப் பார்த்து நட்டால் சின்னது செத்துப்போகும், சின்னதுக்காகக் காத்திருந்தால் பெரியது தட்டிலேயே முற்றிப்போகும். எப்போது நடுவது என்று வருஷா வருஷம் இதுதான் சண்டை.

அன்றைக்குக் காலையில் ஊராட்சித் தலைவர் ராக்கியப்பன் வீட்டுத் தட்டிலிருந்து ஒரு நாற்று வேரை உதறிக்கொண்டு எழுந்து, தட்டின் விளிம்பைத் தாண்டி, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் கால் வைக்கிற பெண்ணைப்போல ஒவ்வொரு வேராக ஊன்றித் தரையில் இறங்கியது. தெய்வாத்தாள் பூவாளியைக் கீழே வைத்தாள்.

"போறதுதான் போறே, வெயில் ஏறறதுக்கு முன்னால போய்ச் சேரு," என்றாள்.

நாற்று வரப்பில் ஏறி, எதிரே வந்த பால் வண்டிக்கு ஒதுங்கி நின்று, மோந்து பார்க்க வந்த நாயைக் கண்டுகொள்ளாமல், ராக்கியப்பன் வயலுக்குப் போய், ஓரிடத்தில் வேரால் கிளறிப் பார்த்துப் பிடிக்காமல், இன்னோரிடத்தில் கிளறிப் பார்த்து அதுவும் பிடிக்காமல், பாத்தி ஓரத்தில் கொஞ்சம் ஈரம் கண்ட இடத்தில் தன்னை ஊன்றிக்கொண்டு நின்றது. பின்னாலேயே போன தெய்வாத்தாள் வாய்க்காலில் கை நிறையத் தண்ணீர் மோந்து ஊற்றிவிட்டு, ராக்கியப்பனுக்குப் போன் செய்தாள்.

"ஏனுங்க தலைவரே, உங்க நாத்து ஒண்ணு கெளம்பி வந்துருச்சுங்க."

ராக்கியப்பன் யோசிக்கவே இல்லை. "மத்தவங்களுது?" என்று கேட்டார்.

"இன்னுமில்லீங்க."

"அப்ப எங்களுதுதான் மொதல்ல," என்றார் ராக்கியப்பன். அந்தச் சந்தோஷத்தில் நாற்று எப்படி நடந்தது என்று கேட்க அவருக்கு மறந்துவிட்டது. அதற்குப் பிறகு ஊரில் வேறு யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

ஏனென்றால் கேட்பதற்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று வந்துவிட்டது. டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், காதுகுத்து வீட்டுப் பந்தியில், எழவு வீட்டு வாசலில், எங்கே ரெண்டு பேர் பார்த்துக்கொண்டாலும், "உங்களுது போயிருச்சுங்களா?" என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. நாற்று போனவர்கள், "அதென்னமோங்க, நாங்க ஒண்ணுமே பண்ணலீங்க, அதுவாப் போயிருச்சுங்க," என்று கூச்சப்படுவதுபோலப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். போகாதவர்கள், "எங்களுது நல்லா வேர் புடிச்சிட்டுப் போலாம்னு இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு பந்தியில் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தார்கள். எல்லாத் தட்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததால் யாருடையது எத்தனை போயிற்று என்று ஒளிக்க வழியில்லை. விடிந்ததும் பண்ணைக்கு வந்து பக்கத்து வீட்டுத் தட்டில் காலிக்குழிகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிற கூட்டம் ஒன்று சேர்ந்துவிட்டது. சிலர் தங்கள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கோழியை விரட்டுவதுபோல, "போ, போ, தலைவர் வீட்டுது அத்தனையும் போயிருச்சு, நீ மட்டும் உக்காந்திரு," என்று விரட்டினார்கள். வயல் உழாமல் கிடந்தவர்களோ நாற்றை நூலால் கட்டிப்போட்டார்கள்.

ஜோசியர் ஒருவர் வந்து நாற்றுக்கு ஜாதகம் எழுதினார். விதை எல்லாம் ஒரே நாழிகையில் ஊன்றியதால் எல்லாவற்றுக்கும் ஒரே ஜாதகம் வந்தது; அது தொழிலுக்கு ஒத்துவராது என்று கண்டு, முதல் இலை விரிந்த நேரம்தான் பிறந்த நேரம் என்று மாற்றினார். கிழக்குத் தெருவில் பயிற்சி நிலையம் ஒன்று திறந்தார்கள். 'உங்கள் நாற்று நடக்கவில்லையா? கவலை வேண்டாம்' என்று பேனர் கட்டியிருந்தது. தட்டுகளை அங்கே எடுத்துப்போய், முன்னாலேயே நடந்துபோன நாற்றுகளின் போட்டோவைக் காட்டி உட்கார வைத்தார்கள். அங்கே சேர்த்த நாற்றுகளில் சில, ரெண்டு இலையோடு பயந்துபோய் எழுந்து நடந்து, வாசற்படியிலேயே வாடி விழுந்தன. அவற்றின் போட்டோவையும் பேனரில் சேர்த்துக்கொண்டார்கள், நடந்தது நடந்ததுதானே என்று.

இப்படி ஆனி முடிவதற்குள் ஊரிலிருந்த நாற்றெல்லாம் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலுமாக வயலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. தெய்வாத்தாளின் சொந்தத் தட்டு மட்டும் அப்படியே இருந்தது. அவளுடைய நாற்றில் ஒன்றுகூட இறங்கவில்லை. எல்லாம் ரெண்டு இலையோடு, பச்சையாக, நோய் நொடியில்லாமல், தூங்கி எழுந்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தன.

அவளுக்கு லோகநாதன் என்று ஒரே மகன். வயது முப்பத்தாறு. பண்ணையின் சரக்கு ஆட்டோவை அவன்தான் ஓட்டினான். நாலு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை சொல்லுவான், அந்த ஒன்றையும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவான். விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லாமல் போய் ரொம்ப வருஷமாகியிருந்ததால் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதுவரைக்கும் ஊரில் அவனைப்போல இருபது பேர் இருந்தார்கள், யாரும் பெரிதாகப் பேசவில்லை. இப்போது தட்டும் சேர்ந்துகொண்டது. "நாத்தும் நகுரல, பையனும் நகுரல," என்றார்கள். "அந்தம்மா கை ராசி அப்படி," என்றார்கள்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் தாராபுரம் பக்கமிருந்து ஒரு பெண் வீட்டார் வந்தார்கள். காப்பி குடித்தார்கள், ஆட்டோவைப் பார்த்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள், கடைசியாகப் பெண்ணின் மாமா நிழல்வலைக்குள்ளே போய்த் தட்டைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"இது எப்பங்க போகும்?"

"அதுக்கு எல வந்தாப் போகுமுங்க," என்றாள் தெய்வாத்தாள்.

"எப்ப வரும்?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்?"

மாமா தலையாட்டினார். அவர்கள் போனபிறகு லோகநாதன் குடித்து வைத்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தான். "விடும்மா," என்றான். ஆனால் அன்றிலிருந்து டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டான். வீட்டிலேயே டீ போட்டுக் குடித்தான்.

இதற்கு நடுவில்தான் விழா வந்தது.

தோட்டக்கலை அலுவலர் திலகவதி ஒரு சுற்றறிக்கையைக் கொண்டுவந்தாள். நாலு வருஷமாக அந்த ஒன்றியத்தில் இருந்துகொண்டு, சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள். ஊரில் நாற்றுகள் ஒழுங்கில்லாமல் ஆளுக்கொரு நாளில் வயலுக்குப் போவதாக மேலிடத்துக்குத் தகவல் போயிருந்தது. ஆகவே இனிமேல் எல்லா நாற்றும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் நடப்பட வேண்டும், அதைத் தொடங்கிவைக்க மாண்புமிகு ஒருவர் நேரில் வருகிறார் என்று அதில் இருந்தது. ராக்கியப்பன் உடனே விழாக்குழு அமைத்து, தானே அதற்குத் தலைவராகி, 'ஒரே நாள் நடவு விழா' என்று ஊர் எல்லையில் வளைவு வைத்துவிட்டார்.

தெய்வாத்தாள் திலகவதியிடம் தனியாகக் கேட்டாள். "ஏனுங்க மேடம், படிச்சவங்க நீங்க. ஒண்ணு நாலு எல, ஒண்ணு ரெண்டு எல. எல்லாத்தையும் ஒரே நாள்ல நட்டா எப்படிங்க?"

"எல வந்ததை நடணும், வராததை விடணும். எனக்குத் தெரியாதாம்மா?" என்றாள் திலகவதி. "ஆனா எலை எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். அவங்களுக்குத் தேதி மட்டும்தான் தெரியும்."

அந்தத் தேதியும் நிலையாக இல்லை. ஆடியில் வைத்தது மாண்புமிகுவுக்கு வேறு திறப்பு விழா வந்ததால் தள்ளிப்போனது. தள்ளி வைத்த தேதியில் அவருக்குப் பல்வலி. மூன்றாவதாக ஆவணியில் ஒரு நாள் உறுதியானபோது, வயலுக்குப் போன நாற்றெல்லாம் செடியாகி, பூத்து, காய் பிடித்து, கீழ்க்கிளையில் பழமே சிவக்க ஆரம்பித்திருந்தது. நடுவதற்கு ஊரில் நாற்று இல்லை என்பது அப்போதுதான் ராக்கியப்பனுக்கு உறைத்தது. ஒரே ஒரு வீட்டில் இருந்தது.

மறுநாள் காலையில் அவர் தேங்காய் பழத்தட்டோடு தெய்வாத்தாள் வீட்டு வாசலில் நின்றார். கூடவே விழாக்குழுவும் திலகவதியும்.

"அக்கா, ஊர் மானம் உங்க கையிலதான் இருக்குது," என்றார். "நம்மூர்லயே கட்டுப்பாடான நாத்துன்னா அது உங்களுதுதானுங்க்கா. மத்ததெல்லாம் சொல்பேச்சுக் கேக்காம ஓடிப்போனதுக. உங்களுது எப்படி ஒக்காந்திருக்குது பாருங்க! வளர்ப்பு அப்படி."

குழுவும் ஆமாம் ஆமாம் என்றது. லோகநாதனின் பொறுமையைப் பற்றியும் நாலு வார்த்தை பேசினார்கள். குழுவில் ஒருவர் தன் கொழுந்தியா மகளின் ஜாதகத்தைச் சட்டைப்பையிலேயே கொண்டுவந்திருந்தார். நேற்றுவரைக்கும் அந்தத் தெருப்பக்கமே வராதவர் அவர்.

தெய்வாத்தாள் ஜாதகத்தையும் வாங்கவில்லை, பழத்தட்டையும் வாங்கவில்லை. "இது ரெண்டெல நாத்துங்க. பிடுங்கினா மத்தியானத்துக்குள்ள தல சாஞ்சிரும்."

"சாயட்டுமுங்க்கா. அவரு கார்ல ஏறுனதுக்கப்பறம் சாயட்டும்."

அவள் கோபமில்லாமல், கடையில் சாமான் சொல்லுகிற குரலில் சொன்னாள்.

"என்னையப் பதினாறு வயசுல இந்த ஊருக்குக் கட்டிக்குடுத்தாங்க, தலைவரே. தேதி குறிச்சாச்சு, பந்தல் போட்டாச்சுன்னாங்க. எனக்கு எத்தன எல வந்திருக்குதுன்னு ஒருத்தருங் கேக்கல. வந்த நாள்லயிருந்து நான் தல சாஞ்சுதான் நின்னேன். மேலுக்குப் பச்சையா இருந்ததனால ஒருத்தருக்குந் தெரியல. தட்டு தர மாட்டேனுங்க."

லோகநாதன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியோடு அப்படியே நின்றான். அம்மா இப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை. ராக்கியப்பன் அவன் பக்கம் திரும்பி, "தம்பி, நீயாவது எடுத்துச் சொல்லப்பா," என்றார்.

அவன் யோசித்தான். "அம்மா தட்டுங்க அது," என்றான்.

அதனால் விழாக்குழு வேறு முடிவுக்கு வந்தது. வயலில் காய்த்துக்கொண்டிருந்த செடிகளையெல்லாம் வேரோடு தோண்டி எடுத்து, மறுபடியும் தட்டில் வைத்து, பிறகு அவற்றை முறைப்படி நடுவது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். முழங்கால் உயரச் செடி ஆள்காட்டி விரல் அளவுக் குழிக்குள் எப்படிப் போகும் என்று ஒருவர் கேட்டதற்கு, வேரை நறுக்கினால் போகும் என்றார்கள். ஊரே சேர்ந்து தோண்டியது. நாற்று முதலில் போயிற்று என்று மார்தட்டியவர்கள் இப்போது யார் முதலில் திரும்பிக் கொண்டுவந்தது என்று போட்டி போட்டார்கள். திலகவதி ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். பூவோடும் காயோடும் குடைசாய்ந்து நிற்கிற செடிகளுக்குத் தன் தண்ணீர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே போட்டாள்.

காலையில் வர வேண்டிய மாண்புமிகு சாயங்காலம் வந்தார். மேளம் அடித்தது. ஒரு செடியை எடுத்துக் குழியில் வைத்து மண் தள்ளினார்; சால்வைகள் ஏராளமாக மீந்துபோயிருந்ததால் செடிக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அப்போது கீழ்க்கிளையில் சிவந்து தொங்கிய பழம் அவர் கண்ணில் பட்டது. பறித்தார். கடித்தார். கூட்டத்தைப் பார்த்து, "நட்டேன், பழுத்தது!" என்றார். கைதட்டல் ஓய ரொம்ப நேரமாயிற்று. இந்தத் திட்டத்தை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோகப்போவதாக மேடையிலேயே அறிவித்தார்.

மறுநாள் விடிந்து வெளிச்சம் பரவியபோது, கள்ளிமேட்டுப்பாளையத்துத் தக்காளிச் செடிகள் அத்தனையும் எழுந்து ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. நறுக்கின வேரோடு நொண்டிக்கொண்டு, காயைச் சுமந்துகொண்டு, வரப்பிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறி, வளைவுக்கு அடியில் புகுந்து வரிசையாகப் போயின. டவுன் பஸ் நின்று வழிவிட்டது; பயணிகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இறங்க வேண்டிய இடத்துக்கு நேரமாகிறதே என்று மட்டும் முணுமுணுத்தார்கள். பொன்னாடை போர்த்திய செடி அதைப் புழுதியில் இழுத்துக்கொண்டு கடைசியாகப் போனது. ராக்கியப்பன் ரோட்டின் நடுவில் நின்று கைகூப்பினார்.

"உங்களுக்கு என்ன கொற வெச்சோம்? மேளம் வெக்கலியா? சால்வ போத்தலியா?" என்று கேட்டார்.

செடிகள் அவருடைய செருப்பைச் சுற்றிக்கொண்டு போயின.

நடவுப் பணி சிறப்பாக நடந்தது, செடிகளும் சிறப்பாக நடந்தன என்று திலகவதி அறிக்கை எழுதினாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. ரெண்டு வாரத்தில் அவளுக்குப் பதவி உயர்வோடு தலைநகரத்துக்கு மாறுதல் வந்தது, ஒரே நாள் நடவுத் திட்டத்துக்கு மாநிலப் பொறுப்பாளராக. சொல்லிக்கொள்ள வந்தவள் தெய்வாத்தாள் வீட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலு வருஷமா ஊர்ப்பக்கம் கேட்டேன், குடுக்கல. இந்தப் பொறுப்பு வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன், உடனே குடுத்துட்டாங்க."

"போய்ப் பாருங்க. ஒத்துக்காட்டி ஒருநாள் எந்திரிச்சு வாங்க," என்றாள் தெய்வாத்தாள்.

வயல்கள் வெறும் குழியாகக் கிடந்தன. ஊரில் யாரும் யாரையும் எதுவும் கேட்காத அந்தப் புரட்டாசியில், தெய்வாத்தாளின் நாற்றுகள் மெதுவாக மூன்றாவது இலையும் நாலாவது இலையும் விட்டு, இன்றைக்கு ஒன்று, ரெண்டு நாள் கழித்து ரெண்டு, மறுவாரம் ஒன்று என்று இறங்கி, லோகநாதன் உழுதுவைத்த காட்டு வயலுக்குப் போய் நின்றன. கடைசி நாற்று போனபோது ஐப்பசி மழை ஆரம்பித்திருந்தது. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்த கையோடு, தெய்வாத்தாள் மாற்றுச் சேலை ஒன்றைச் சுருட்டி ஒரு பையில் வைத்தாள். மகனுக்குச் சோறு ஆக்கிவைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கெளம்பறேன் கண்ணு," என்றாள்.

"எங்கம்மா?"

"எடம் பாத்துட்டுச் சொல்றேன்."

அவன் போகாதே என்று சொல்லலாம் என்று நினைத்தான். அந்த வார்த்தையை வழக்கம்போல யோசித்துப் பார்த்தான், சரியில்லை என்று பட்டது. எழுந்து போய்க் குடையை எடுத்து வந்து கொடுத்தான். ஐம்பத்தெட்டு வயதுப் பெண், விழா வளைவைப் பிடுங்கிய குழியில் நின்ற தண்ணீரைத் தாண்டி, ரோட்டில் ஏறிப் போவதை வாசலில் நின்று பார்த்தான்.

ஊர் இதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தது. "இந்த வயசுலயா?" என்றார்கள் சிலர். "போக வேண்டியது மகனல்ல?" என்றார்கள் பலர். ராக்கியப்பன் வந்து, முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு வழியனுப்பு விழா வைத்திருக்கலாமே என்று வருத்தப்பட்டார். லோகநாதன் எல்லோருக்கும் டீ கொடுத்தான். அவர்கள் போனபிறகு அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. அதைச் சுரண்டித் தின்றபோது அம்மாவின் மேல் அவனுக்குக் கோபமாக வந்தது, பிறகு அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காலையில் எழுந்து காட்டுக்குப் போனான். மழை விட்டதும் செடிகளுக்குக் குச்சி ஊன்றிக் கட்டினான். ஆட்கள் விதைப் பாக்கெட்டோடு தயங்கித் தயங்கி வந்தபோது வாங்கி வைத்துக்கொண்டான். எப்ப ரெடியாகும் என்று கேட்டவர்களிடம், "எல வந்தாச் சொல்றனுங்க," என்றான்.

கார்த்திகையில் ஒருநாள் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"சாப்பிட்டியா சாமி?"

அவன் சரக்கு ஆட்டோவை ஓரமாக நிறுத்தினான். "சாப்பிட்டேம்மா. எங்க இருக்கற?"

"எடம் கெடச்சிருச்சு. நாலஞ்சு ஊரு பாத்தேன், ஒண்ணும் ஒத்துக்கல. இது ஒத்துக்கும்போல இருக்குது."

"எந்த ஊரும்மா?"

"பேரு இன்னும் கேக்கல. பக்கத்து வீட்டுப் புள்ள போன்லதான் பேசறேன், நல்ல புள்ள. மண்ணு செவப்பா இருக்குது. ஒரு ஏரி இருக்குது. பொழுதன்னிக்கும் காத்து." போனுக்குள்ளும் காற்று வீசியது. "என்னைய யாரும் ஒண்ணுங் கேக்கறதில்ல கண்ணு. சும்மா நிக்கறேன்."

"நான் வந்து பாக்கட்டுமா?"

"வா. அவசரமில்ல, உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வா."

அவன் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் அவள், சிரிக்கிறாளா மூச்சு வாங்குகிறாளா என்று தெரியாத குரலில் சொன்னாள்.

"செரி, போன வெக்கறேன் சாமி. கால்ல ஈரம் ஏறுது."